பன்னிரண்டாம் எண் சட்டை: கிறிஸ்டீன் சின்கிளேரின் ஆட்டத்தை நேரில் கண்டவர்கள் எழுதுகிறோம்

ஸ்காபரோவிலிருந்து:

2012 ஆகஸ்ட் 6 ஒரு திங்கட்கிழமை. ஒன்ராறியோவில் அன்று விடுமுறை நாள் என்பதால், நாலைந்து குடும்பங்கள் எங்கள் வீட்டுப் பின்வளவில் கூடி, கோழி வாட்டிக்கொண்டிருந்தோம். இலண்டன் ஒலிம்பிக்கின் பெண்கள் உதைபந்தாட்ட அரையிறுதி மன்செஸ்ரரின் ஓல்ட் டிராஃபர்ட் மைதானத்தில் நடக்கிறது என்றும், கனடா அமெரிக்காவுடன் மோதுகிறது என்றும் மைத்துனர் சொன்னார். வளர்ந்தது யாழ்ப்பாணத்தில்; பின்னேரமானால் மைதானத்தில்தான் நிற்பேன். அப்படியிருந்தும் பெண்கள் ஆடும் ஆட்டம் ஒன்றை அதுவரை முழுதாக இருந்து பார்த்ததில்லை என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

இருபத்திரண்டாம் நிமிடத்தில் கனடா அணித்தலைவி கிறிஸ்டீன் சின்கிளேர் முதல் கோலைப் போட்டபோது நான் அடுப்படியில் நின்றேன். அறுபத்தேழாம் நிமிடத்தில் அவர் தலையால் முட்டி இரண்டாவதைப் போட்டபோது கதவு வாசலில் நின்றேன். எழுபத்துமூன்றாம் நிமிடத்தில் மறுபடியும் தலையால் மூன்றாவதைப் போட்டபோது, தொலைக்காட்சிக்கு முன்னால் நிலத்தில் உட்கார்ந்திருந்தேன். வெளியே கோழி கருகிப் போனது. அமெரிக்கா போன்ற ஓர் அணிக்கு எதிராக ஒருவர் தனியே மூன்று கோல் போட்டு, மூன்று முறையும் தன் அணியை முன்னிலைக்குக் கொண்டுவந்த பிறகும், அந்த ஆட்டத்தைக் கனடா 4-3 என்ற கணக்கில் தோற்றது. கோல்காப்பாளர் எரின் மக்லியோட் பந்தை ஆறு வினாடிகளுக்கு மேல் கையில் வைத்திருந்தார் என்று, அந்த மட்டத்தில் நடுவர்கள் அநேகமாக எடுத்தே பார்க்காத விதி ஒன்றைச் சொல்லி நடுவர் ஊதி, அமெரிக்காவுக்கு ஓர் உதை கொடுத்தார். அந்த உதையில் பந்து கனடிய வீராங்கனை ஒருவரின் கையில் பட்டதென்று உடனே தண்ட உதையும் (பெனால்டி) கொடுத்தார். அதில் அமெரிக்கா 3-3 எனச் சமன் செய்தது. மேலதிக நேரமும் முடிந்து, 123ஆம் நிமிடத்தில் அலெக்ஸ் மோர்கன் தலையால் முட்டியதோடு எல்லாம் முடிந்தது.

ஆட்டம் முடிந்தபின் நடுவர்களிடம் முறையற்று நடந்துகொண்டதாகக் கூறிச் சின்கிளேருக்குப் பின்னர் நான்கு ஆட்டத் தடை விதிக்கப்பட்டது. மூன்று நாள் கழித்துக் கொவென்ட்ரியில், கால் தூக்கவும் இயலாத அளவுக்குக் களைத்திருந்த அதே அணி, டயானா மதிசன் கடைசி நேரத்தில் போட்ட ஒரே கோலால் பிரான்சை வென்று வெண்கலம் பெற்றது. ஆறு கோல்களுடன் அந்த ஒலிம்பிக்கில் அதிக கோல் போட்டவரும், நிறைவு விழாவில் கனடாவின் கொடியைத் தாங்கிச் சென்றவரும் சின்கிளேர்தான்.

அவர் ஆடியதை நேரில் பார்த்தவர்கள் எழுதினால் வாசிக்க ஆவலாக இருக்கிறேன்.

பெர்லினிலிருந்து:

அண்ணா, நீங்கள் பார்த்ததற்கு ஒரு வருடம் முன்பே நான் பார்த்துவிட்டேன். அதுவும் எதிரணியின் ஆளாக. 2011 ஜூன் 26 அன்று உலகக் கிண்ணத்தின் தொடக்க நாள். பெர்லின் ஒலிம்பிக் அரங்கில் எழுபத்துமூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் கூடியிருக்க, கன்னத்தில் கறுப்பு, சிவப்பு, மஞ்சள் கோடு இழுத்துக்கொண்டு ஜெர்மனிக்காகக் கத்துவதற்கு என் இரண்டு பிள்ளைகளுடன் போயிருந்தேன். இடைவேளைக்கு முன்பே ஜெர்மனி இரண்டு கோல் போட்டுவிட்டது.

இரண்டாம் பாதியில் முழங்கை ஒன்று பட்டுச் சின்கிளேர் கீழே விழுந்தார். நாங்கள் இருந்த இடத்திலிருந்து முகம் தெரியவில்லை. பெரிய திரையில்தான் மூக்கு ஒரு பக்கமாகத் திரும்பியிருப்பதைக் கண்டோம். மருத்துவர்கள் வெளியே அழைக்கிறார்கள், அவர் தலையை ஆட்டி மறுக்கிறார் என்பது மட்டும் அந்தத் தூரத்திலிருந்தும் விளங்கியது. திரும்பி உள்ளே வந்து, எண்பத்திரண்டாம் நிமிடத்தில் கிடைத்த ஃப்ரீ கிக்கைச் சுவராக நின்றவர்களின் தலைக்கு மேலால் வளைத்து அடித்தார். கோல்காப்பாளர் பாய்ந்தும் எட்டவில்லை. 2007 உலகக் கிண்ணம் முழுவதிலும் ஒரு கோலும் வாங்காமல் வென்ற அணி ஜெர்மனி. 2003 இறுதியாட்டத்துக்குப் பிறகு உலகக் கிண்ணத்தில் அவர்கள் வாங்கிய முதல் கோல் இதுதான். அரங்கம் ஒரு கணம் அடங்கிப்போக, என் மூத்த மகன் கை தட்டினான். முன்வரிசையில் இருந்த பெரியவர் திரும்பிப் பார்த்துவிட்டு, தாமும் இரண்டு தட்டுத் தட்டினார்.

கனடா அந்தத் தொடரில் மூன்று ஆட்டங்களையும் தோற்றுப் பதினாறாவதாக, அதாவது கடைசியாக வந்தது. உடைந்த மூக்குக்கு முகமூடி போட்டுக்கொண்டு அவர் மற்ற ஆட்டங்களிலும் ஆடினார். கடைசியாக வந்த அணி ஒரே ஆண்டில் ஒலிம்பிக் பதக்கத்துக்கு எழும்பியது எப்படி என்று யாராவது கேட்டால், புதிய பயிற்சியாளரைப் பற்றி மற்றவர்கள் பேசட்டும், எனக்கு அந்த மூக்குத்தான் நினைவுக்கு வருகிறது.

போர்ட்லாண்டிலிருந்து:

நான் கோயம்புத்தூர்க்காரன், கால்பந்து எனக்கு மொபைல் திரையில் பார்க்கும் விளையாட்டாக மட்டுமே இருந்தது. வேலைக்காக ஓரிகன் மாநிலத்துக்கு வந்த பிறகு, ரயில் நிறுத்தத்திலிருந்து இறங்கினால் எதிரிலேயே நிற்கும் பிராவிடன்ஸ் பார்க் அரங்கத்துக்கு மகளைக் கூட்டிக்கொண்டு போகத் தொடங்கினேன். சின்கிளேர் ஆடிய போர்ட்லாண்ட் தார்ன்ஸ் அணியின் ஆட்டமென்றால் வடக்குப் பக்கம் நின்றுகொண்டே தொண்ணூறு நிமிடமும் பாடுகிற கூட்டம் ஒன்று உண்டு. கோல் விழுந்தால் அங்கிருந்து சிவப்புப் புகை எழும்பி, நம் மூக்கில் ஏறும்.

தொலைக்காட்சியில் பார்த்தால் பந்து இருக்கும் இடம்தான் தெரியும். சின்கிளேரைப் பார்க்க வேண்டுமென்றால் பந்து இல்லாத இடத்தைப் பார்க்க வேண்டும் என்பதை நான் கற்றுக்கொண்டது அங்கேதான். முப்பத்தைந்து வயதைத் தாண்டிய அவர் யாரையும் ஓடி முந்துவதில்லை. பந்து வருவதற்கு முன்னாலேயே ஒரு முறை இடது தோளுக்கு மேலாகவும், ஒரு முறை வலது தோளுக்கு மேலாகவும் திரும்பிப் பார்த்துவிடுவார். பிறகு, தன்னைக் காவல் காக்கும் வீராங்கனை பந்தை நோக்கி ஓர் எட்டு வைக்கும் அந்த நொடியில், எதிர்த் திசையில் இரண்டே எட்டு வைத்து நின்றுவிடுவார். பந்து வரும்போது அவரைச் சுற்றி வெறும் புல்தரை (செயற்கைப் புல்தான்) மட்டும் இருக்கும். "அப்பா, அவங்களை ஏன் யாருமே பிடிக்கலை?" என்று மகள் கேட்டது அந்த ஆட்டத்துக்கு மிகச் சரியான விமர்சனம் என்று இன்றும் நினைக்கிறேன்.

இந்த ஊருக்கும் அவருக்கும் உள்ள உறவு, தொழில்முறை ஆட்டத்துக்கு முந்தியது. பிரிட்டிஷ் கொலம்பியாவின் பர்னபியில் 1983இல் பிறந்தவர், 2000ஆம் ஆண்டு போர்ச்சுகலில் நடந்த அல்கார்வே கோப்பையில் பதினாறு வயதிலேயே கனடாவுக்காக ஆடிவிட்டு, படிப்பதற்குப் போர்ட்லாண்ட் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். பயிற்சியாளர் கிளைவ் சார்ல்ஸின் கீழ் 2002இல் பல்கலைக்கழக அணிகளுக்கான தேசியப் பட்டம் வென்றார். சார்ல்ஸ் மறுஆண்டு புற்றுநோயால் இறந்தார். 2005இல் மீண்டும் பட்டம் வென்ற பருவத்தில் அவர் அடித்த கோல்கள் 39. பின்னர் கலிபோர்னியாவிலும் நியூயார்க் மாநிலத்திலும் இரண்டு தொழில்முறை கிளப்புகளுக்கு ஆடி, இரண்டிலும் கோப்பை வென்றார். அந்த கிளப்புகள் ஆடிய லீக்கோ சட்டச் சிக்கலாலும் பணச் சிக்கலாலும் மூடப்பட்டது. 2013இல் புதிய லீக் பிறந்தபோது தார்ன்ஸ் அணிக்கு வந்தவர், 2024இல் ஓய்வு பெறும்வரை பன்னிரண்டு பருவங்கள் வேறெங்கும் போகவில்லை. 2013, 2017, 2022 என மூன்று கோப்பைகள்.

அவருடைய எண் 12 ஏன் என்று என் மகள் ஒரு நாள் தேடிக் கண்டுபிடித்தாள். சிறுமியாக இருந்தபோது அவர் பேஸ்பால் பைத்தியமாம்; டொராண்டோ புளூ ஜேஸ் அணியின் ராபர்டோ அலோமரின் எண் அது.

ஒன்ராறியோவின் மார்க்கம் நகரிலிருந்து:

சனிக்கிழமைகளில் பதினொரு வயதுக்குட்பட்ட பெண்பிள்ளைகள் அணி ஒன்றுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். அவர்களுக்கு நான் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டும் காணொளி, சின்கிளேர் அடித்த கோல் ஒன்றுமில்லை. 2021 ஆகஸ்ட் 2, டோக்கியோ ஒலிம்பிக் அரையிறுதி. எங்கள் நேரத்துக்கு அதிகாலை நான்கு மணி. மனைவி பிள்ளைகள் எழும்பிவிடக் கூடாதென்று சத்தத்தை முழுதாக நிறுத்திவிட்டு, போர்வையோடு உட்கார்ந்து பார்த்தேன். மறுபடியும் அமெரிக்கா. கோல் ஏதும் விழாமல் எழுபது நிமிடம் தாண்டியபின், காணொளி மீள்பார்வையில் கனடாவுக்குத் தண்ட உதை கிடைத்தது. பந்தைக் கையில் எடுத்தவர் சின்கிளேர். ஒன்பது ஆண்டுக்கு முன் மூன்று கோல் போட்டும் தோற்ற கணக்கைத் தீர்க்கும் இடம் அது. அவரோ பந்தை இருபத்துமூன்று வயது ஜெஸ்ஸி ஃபிளெமிங்கிடம் கொடுத்துவிட்டு நகர்ந்தார். ஃபிளெமிங் போட்டார். கனடா 1-0.

நாலு நாள் கழித்து, ஓல்ட் டிராஃபர்ட் தோல்விக்குச் சரியாக ஒன்பது ஆண்டு நிறைந்த ஆகஸ்ட் 6 அன்று, யொக்கொகாமாவில் சுவீடனுடன் இறுதியாட்டம். பெட்டிக்குள் வீழ்த்தப்பட்டு அணிக்குத் தண்ட உதை வாங்கிக்கொடுத்தவர் சின்கிளேர். அடித்தவர் மீண்டும் ஃபிளெமிங். ஆட்டம் முடியும் தறுவாயில் சின்கிளேரை வெளியே எடுத்துவிட்டதால், 1-1 என்று முடிந்து தண்ட உதைகளால் தங்கம் தீர்மானிக்கப்பட்டபோது அவர் கோட்டுக்கு வெளியே நின்று பார்க்க மட்டுமே முடிந்தது. சுவீடனின் அணித்தலைவி கரோலின் சேகர் போட்டிருந்தால் முடிந்திருக்கும். பந்து கம்பத்துக்கு மேலால் போனது. கனடாவின் கோல்காப்பாளர் ஸ்டெஃபனி லாபே கடைசியாக ஒன்றைத் தடுக்க, இருபது வயது ஜூலியா குரோசோ அடித்து முடித்தார். என் அணிப் பிள்ளைகளில் பாதிப் பேர் அந்தக் காலையைத்தான் தங்கள் தொடக்கமாகச் சொல்கிறார்கள்.

போர்ட்லாண்டிலிருந்து, மீண்டும்:

மார்க்கம் நண்பர் பொறுத்துக்கொள்ள வேண்டும். சின்கிளேர் ஃபிளெமிங்கிடம் பந்தைக் கொடுத்ததைப் பெருந்தன்மையாக மட்டும் சொல்வது முழு உண்மை ஆகாது. அந்த அரையிறுதிக்கு மூன்று நாள் முன்பு பிரேசிலுடனான காலிறுதி பெனால்டிகளுக்குப் போனபோது, முதல் உதையை அடித்தவரே சின்கிளேர்தான். பிரேசில் கோல்கீப்பர் பார்பரா அதைத் தடுத்துவிட்டார். லாபே இரண்டைத் தடுத்ததால்தான் கனடா தப்பியது. அரையிறுதியில் பந்தைக் கொடுத்தபோது அவருக்கு அது நினைவில் இல்லாமல் இருந்திருக்காது.

மார்க்கத்திலிருந்து, பதிலாக:

நீங்கள் சொல்வது சரி. அதை நான் விட்டிருக்கக் கூடாது. ஆனால் உங்கள் தகவல் என் வாதத்தைப் பலப்படுத்துகிறது. அந்த நேரத்தில் 187 கோல் அவர் கணக்கில் இருந்தது. 2020 ஜனவரியிலேயே அமெரிக்காவின் அபி வாம்பாக்கின் 184ஐத் தாண்டி, ஆண்களிலும் பெண்களிலும் உலகில் எவரும் தொடாத இடத்துக்குப் போய்விட்டவர். தவறவிட்டவர் அடுத்ததை அடித்து மானத்தை மீட்கத் துடிப்பதைத்தான் நான் ஒவ்வொரு சனிக்கிழமையும் காண்கிறேன். பதினொரு வயதில் மட்டுமல்ல, பெற்றோர் ஆடும் ஆட்டத்திலும். இன்று என் கால் சரியில்லை, அவள் கால் சரியாக இருக்கிறது என்று கணக்குப் போட்டு, அதன்படி நடப்பதற்குப் பெருந்தன்மையைவிட வேறொன்று வேண்டும்.

கல்கரியிலிருந்து, சுருக்கமாக:

அடிக்க வேண்டிய நேரத்தில் அடிக்கவும் தெரிந்தவர் என்பதற்கு நான் சாட்சி. 2015 ஜூன் 6, எட்மன்டன், சொந்த நாட்டில் நடந்த உலகக் கிண்ணத்தின் முதல் ஆட்டம், 53,058 பேர். சீனாவுக்கு எதிராக இழுத்தடித்துப் போய், தொண்ணூறு நிமிடமும் கடந்தபின் கிடைத்த தண்ட உதை. எனக்குப் பக்கத்தில் இருந்த பெண் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு, "சொல்லுங்கள், சொல்லுங்கள்" என்றார். சீனக் கோல்காப்பாளர் சரியான பக்கம்தான் பாய்ந்தார். இருந்தும் பந்து உள்ளே போனது. கனடா 1-0 என வென்றது.

மெல்பேணிலிருந்து:

அந்தக் கதையின் மறுபக்கம் என்னிடம் இருக்கிறது. 2023 ஜூலை 21, நைஜீரியாவுடன் முதல் ஆட்டம். அவருக்கு நாற்பது வயது. ஆறாவது உலகக் கிண்ணம். ஐந்து தொடர்களில் கோல் போட்டவர்கள் என்ற வரிசையில் பிரேசிலின் மார்த்தாவுடன் சமமாக நின்றார். இடைவேளைக்குப் பின் தம்மை வீழ்த்தியதற்குக் கிடைத்த தண்ட உதையைத் தாமே அடித்தார். நைஜீரியக் கோல்காப்பாளர் சியமாகா நடோசி பாய்ந்து தடுத்துவிட்டார். ஆட்டம் கோலின்றி முடிந்தது. கனடா முதற்சுற்றோடு வெளியேறியது.

கனடா இருந்த பிரிவிலேயே ஆடிய ஆஸ்திரேலியாவின் ஆதரவாளன் நான் என்றாலும் அன்று எனக்கு மகிழ்ச்சி வரவில்லை. அந்த ஆண்டின் பெப்ரவரியில் அவரும் தோழிகளும் ஊதியத்துக்காகவும் வசதிகளுக்காகவும் வேலைநிறுத்தம் அறிவித்து, சட்ட நடவடிக்கை வரும் என்ற மிரட்டலால் மறுபடி களமிறங்கி, மார்ச்சில் ஒட்டாவாவுக்குப் போய் நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சியம் சொன்னவர்கள். ஒலிம்பிக் தங்கம் வென்ற அணிக்கு அந்த ஆண்டு அப்படித்தான் கழிந்தது.

சரேயிலிருந்து:

வன்கூவருக்குப் பக்கத்தில் இருக்கிறேன். பர்னபி எங்களுக்கு அடுத்த ஊர் மாதிரி. 2023 டிசம்பர் 5, செவ்வாய்க்கிழமை இரவு, மறுநாள் பள்ளிக்கூடம் என்பதைப் பொருட்படுத்தாமல் ஒன்பது வயது மகளைக் கூட்டிக்கொண்டு பி.சி. பிளேஸ் அரங்குக்குப் போனேன். அன்றிரவுக்கு மட்டும் அதன் பெயர் கிறிஸ்டீன் சின்கிளேர் பிளேஸ். வாசலில் எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, "நாளைக்கும் இதே பெயரா?" என்று கேட்டாள். இல்லை என்று சொல்லச் சங்கடமாக இருந்தது.

ஆஸ்திரேலியாவுக்கு எதிரான அந்த ஆட்டம் அவருடைய 331ஆவது சர்வதேச ஆட்டம். 48,112 பேர் வந்திருந்தார்கள். பாதிக்கு மேல் பன்னிரண்டாம் எண் சட்டை. கனடா 1-0 என வென்றாலும் அவர் கோல் போடவில்லை. 190 என்ற கணக்கு அப்படியே நின்றது. இரண்டாம் பாதியில் அவரை வெளியே அழைத்தபோது அரங்கம் முழுவதும் எழுந்து நின்றது. உயரம் போதாமல் மகள் இருக்கையின் மேல் ஏறி, என் தோளைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். சத்தம் அடங்க நீண்ட நேரமானது. பிறகு என் காதுக்குள் குனிந்து, இனித் தண்ட உதை கிடைத்தால் யார் அடிப்பது என்று கேட்டாள்.

ஃபிளெமிங் என்றேன்.

அப்படியென்றால் சரி என்று சொல்லிவிட்டு இறங்கி உட்கார்ந்து, என் மடியிலிருந்த சோளப்பொரிப் பையை எடுத்துக்கொண்டாள்.