எலக்ட்ரான் ‘எங்கோ இருக்கிறது, நமக்குத்தான் தெரியவில்லை’ என்பது சரிதானா?

கணக்குப்பிள்ளை:

நான் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன். இயற்பியலைப் பள்ளியோடு விட்டாயிற்று. இப்போது மகள் பன்னிரண்டாம் வகுப்பு. அவளோடு உட்கார்ந்து குவாண்டம் பாடம் படிக்கப் போய், இரண்டு வாரமாக ஒரே இடத்தில் நிற்கிறேன். எலக்ட்ரான் எங்கே இருக்கிறது என்று சொல்ல முடியாது, இங்கே இருக்க இவ்வளவு வாய்ப்பு என்று மட்டும்தான் சொல்லலாம் என்கிறது பாடம்.

வருட முடிவில் ஒரு வவுச்சர் காணவில்லை என்று வையுங்கள். பத்து ஃபைலில் ஏதோ ஒன்றில் இருக்கும். இந்த ஃபைலில் இருக்கப் பத்தில் ஒரு வாய்ப்பு என்று நான் சொல்லலாம். ஆனால் வவுச்சர் தன்பாட்டுக்கு ஓர் இடத்தில் கிடக்கிறது, குழப்பம் எனக்குத்தான். எலக்ட்ரானும் இப்படித்தானே? இதற்கு எதற்குத் தனியாக ஒரு இயற்பியல்? மகளிடம் சொன்னால் “இல்லப்பா” என்கிறாள். ஏன் இல்லை என்று அவளுக்கும் சொல்ல வரவில்லை.

ஆய்வகத்தான்:

நான் உங்கள் மகள் கட்சி. கல்லூரி ஆய்வகத்தில் 22 வருடம் கருவிகளைத் துடைத்து எடுத்துக் கொடுத்தவன். இந்த வவுச்சர் கேள்வியை வேறு வேறு வேஷத்தில் வருடா வருடம் பார்த்திருக்கிறேன்.

முதலில் மணலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தடுப்பில் இரண்டு ஓட்டை, பின்னால் ஒரு கிண்ணம். இடது ஓட்டை மட்டும் திறந்திருக்கும்போது நிமிடத்துக்கு 100 மணல்மணி கிண்ணத்தில் விழுகிறது. வலதையும் திறக்கிறீர்கள். 200 விழலாம், 120 விழலாம். 100-க்குக் குறையாது. ஒவ்வொரு மணியும் ஏதோ ஒரு ஓட்டை வழியாகத்தான் வந்தது, எது என்று நமக்குத் தெரியாது. உங்கள் வவுச்சர் கதை இங்கே சரியாகப் பொருந்தும்.

இப்போது எலக்ட்ரான். ஓட்டைகளுக்குப் பதில் தடுப்பில் இரண்டு மெல்லிய பிளவு, கிண்ணத்துக்குப் பதில் ஒரு திரை. திரையில் சில இடங்கள் இருக்கின்றன. இடது பிளவு மட்டும் திறந்திருந்தால் எலக்ட்ரான் அங்கே வந்து விழும். வலது மட்டும் திறந்திருந்தாலும் விழும். இரண்டையும் திறந்தால் விழாது! இன்னொரு வாசலைத் திறந்துவிட்டதும் வந்துகொண்டிருந்த ஆள் வரத்து நின்றுபோகிறது. ‘ஏதோ ஒரு வாசல் வழியாகத்தான் வந்தது’ என்றால் இது எப்படி நடக்கும்?

கூட்டமாகப் போகும்போது ஒன்றையொன்று முட்டிக்கொள்கின்றனவோ என்று கேட்பீர்கள். அதுவும் இல்லை. 1989-இல் ஜப்பானில் அகிரா டோனோமுராவின் குழு, பிளவுகளுக்குப் பதில் ஒரு மெல்லிய மின்னிழையின் இரு பக்கமும் வழி வைத்து, எலக்ட்ரான்களை ஒவ்வொன்றாக அனுப்பிப் பார்த்தது. முதலில் திரையில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புள்ளிகள், கை தவறிக் கொட்டின கடுகு மாதிரி. ஒவ்வொரு எலக்ட்ரானும் முழுசாக ஒரே புள்ளியில்தான் விழுகிறது, பாதி இங்கே பாதி அங்கே இல்லை. ஆயிரக்கணக்கில் சேரச் சேர, அதே புள்ளிகள் வரிவரியாகத் திரள்கின்றன. நடுவே காலிப் பட்டைகள்.

எந்த வழியாக வந்தது என்று தடம் பதியும்படி ஏதாவது வைத்தால் வரிகள் அழிந்துவிடும், மணல் கணக்குத் திரும்பிவிடும். மனிதன் பார்க்க வேண்டும் என்றுகூட இல்லை. எங்காவது ஒரு தடம் விழுந்தாலே போதும். ‘மனம்தான் பிரபஞ்சத்தைப் படைக்கிறது’ என்று இதை வைத்துப் பேசுகிறவர்களிடம் எனக்குப் பொறுமை இல்லை.

வால்நட்சத்திரம்:

இதற்கு அவ்வளவு பெரிய கருவி வேண்டாம். மூன்று போலராய்டு துண்டுகள் போதும், ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடுகிற படலம் அது. பழைய கால்குலேட்டர் திரையில் ஒட்டியிருக்கும் படலத்தை உரித்தாலே கிடைக்கும். இரண்டைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்தால் இருட்டு. நடுவில் மூன்றாவதைச் சாய்வாக, 45 டிகிரியில் செருகுங்கள். வெளிச்சம் வரும்! தடையைக் கூட்டினால் ஒளி கூடுகிறது. இதுதான் குவாண்டம்.

ஆய்வகத்தான்:

செய்து பார்க்க அருமையான சோதனை. ஆனால் அதை மட்டும் வைத்துக் குவாண்டம் என்று சொல்ல முடியாது தம்பி. ஒளி ஓர் அலை என்று வைத்துக்கொண்டாலே இது விளங்கிவிடும். முதல் துண்டைத் தாண்டிய ஒளியில், துண்டுகள் ஒளியை விழுங்கவில்லை என்று வைத்தால், கால் பங்கு கடைசியில் வரும். ஒளியை ஒவ்வொரு போட்டானாக, அதாவது ஒவ்வொரு ஒளித்துகளாகக் குறைத்து அனுப்பும்போதுதான் விஷயம் மாறுகிறது. கால் போட்டான் வராது. வந்தால் முழுசு, இல்லாவிட்டால் ஒன்றுமில்லை. எது வரும், எது வராது என்று முன்கூட்டிச் சொல்ல வழியே இல்லை. சராசரியாக நாலுக்கு ஒன்று வரும் என்பது மட்டும்தான் உறுதி.

கணக்குப்பிள்ளை:

சரி, என் வவுச்சரை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். அந்தக் காலிப் பட்டை மட்டும் தூங்க விடவில்லை. நேற்று ராத்திரி ஒன்று தோன்றியது. நான் வாய்ப்புகளை எல்லாம் வரவாகவே எழுதிக்கொண்டிருக்கிறேன். வரவோடு வரவைச் சேர்த்தால் குறையாது. பற்றும் உண்டு என்றால்? இடது வழி ஒரு வரவு, வலது வழி அதே அளவு பற்று, நிகரம் பூஜ்யம்.

இன்னொரு சந்தேகம். அப்படியானால் மேஜைமேல் இருக்கும் பேனா மட்டும் ஏன் ஒழுங்காக இருக்கிறது?

ஆய்வகத்தான்:

பிடித்துவிட்டீர்கள். நாம் கூட்டுவது வாய்ப்பை அல்ல, வாய்ப்புக்கு முந்தின ஓர் அளவை. வீச்சு என்பார்கள். அதற்குக் கூட்டல், கழித்தல் குறி உண்டு. எல்லாவற்றையும் கூட்டிக் கழித்த பிறகு வர்க்கம் எடுத்தால்தான் வாய்ப்பு. இந்த வர்க்கக் கணக்கு 1926-இல் மாக்ஸ் போர்ன் சொன்னது. உங்கள் பேரேட்டில் ஒரே ஒரு திருத்தம்: பற்று, வரவு என்று இரண்டு திசை மட்டும் இல்லை, கடிகார முள் மாதிரி எந்தப் பக்கமும் திரும்பி நிற்கும். நேரெதிராக நின்றால் அடிபட்டுப் போகும்.

பேனாவுக்கு வருவோம். குவாண்டம் விளைவு எவ்வளவு பெரிது என்று தீர்மானிக்கிற பிளாங்க் மாறிலி என்ற எண், ஜூல்-வினாடி அலகில், புள்ளிக்குப் பிறகு 33 பூஜ்யம் போட்டு அப்புறம் 66. ஒரு மைக்ரோகிராம் எடையுள்ள மணல்துகளின் இடத்தை மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் அறுதியிட்டு விடுங்கள். ஹைசன்பர்க் 1927-இல் வகுத்த நிச்சயமின்மைப்படி அதன் வேகத்தில் கட்டாயம் ஒரு தெளிவின்மை இருக்கும். எவ்வளவு? பிரபஞ்சத்தின் மொத்த வயதான 1,380 கோடி வருடம் காத்திருந்தாலும், அதனால் துகள் நகர்வது ஏறக்குறைய 2 சென்டிமீட்டர். அதே விதியை, அணு அளவு இடத்தில் அடைபட்ட எலக்ட்ரானுக்குப் போட்டால் அந்தத் தெளிவின்மை வினாடிக்கு 500 கிலோமீட்டருக்கு மேல் வருகிறது. விதி ஒன்றுதான், எடையும் இடத்தின் அளவும்தான் வேறு. போதாததற்குப் பேனாமேல் காற்றும் ஒளியும் ஓயாமல் மோதித் தடம் பதித்துக்கொண்டே இருக்கின்றன. வரிகள் தோன்ற அதற்கு வழியே இல்லை.

கணக்குப்பிள்ளை:

அந்த 2 சென்டிமீட்டரை மகள் தனியாகப் போட்டுப் பார்த்தாள். 2.3 வருகிறதாம். “அந்த அங்கிள் முழுசாக்கிட்டார்” என்கிறாள்.