புதுப்பிப்பு: கல்லுக்கடியில் கிடைத்த பெரிய பூரான்

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் எடுத்த படத்தைப் போட்டு இது என்ன இனம் என்று கேட்டிருந்தேன். பக்கவாட்டுப் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்ததில் விடை தெளிவாகிவிட்டது: ஸ்கோலோபெண்ட்ரா பேரினத்தைச் சேர்ந்த ஹார்ட்விக்கி (Scolopendra hardwickei) என்ற இனம்.

21 ஜோடிக் கால், தலையின் ஒவ்வொரு பக்கமும் 4 கண் என்பதை மட்டும் வைத்து முடிவுகட்டாதீர்கள். ரைசிடா என்ற வேறொரு பூரான் பேரினத்துக்கும் இதே கணக்குதான். பார்க்க வேண்டியது மூச்சுத்துளை. ரைசிடாவுக்கு 7ஆம் உடல் கண்டத்திலும் (கால் ஜோடி உள்ள வளையம்) துளை உண்டு. ஸ்கோலோபெண்ட்ராவுக்கு அங்கே கிடையாது, மற்ற துளைகளும் முக்கோணப் பிளவாக இருக்கும்.

அடுத்தது நிறம். ஹார்ட்விக்கியில் ஒரு முதுகுத்தகடு கருப்பு, அடுத்தது ஆரஞ்சு என மாறி மாறி வரும். அதே பேரினத்தின் இன்னொரு இனமான மோர்சிடன்ஸில் தகட்டின் பின்விளிம்பில் மட்டும்தான் கருங்கோடு. குட்டிகளின் நிறத்தை நம்பவே கூடாது.

படமெடுக்க இடுக்கியால் பிடித்தால் கால் முறியும், கடியும் வாங்குவீர்கள். முன்னால் ஒளிபுகும் டப்பாவைச் சாய்த்து வைத்து, நீளமான தூரிகையால் பின்புறம் தொட்டால் தானே உள்ளே ஓடிவிடும். கடைசிக் கால்கள் உணர்கொம்பு போலவே இருக்கும், எது தலை என்று முதலில் உறுதி செய்யுங்கள். வெயிலில் வைக்க வேண்டாம், சீக்கிரம் உலர்ந்துபோகும். எடுத்த இடத்திலேயே விடுங்கள்; கல்லை முதலில் வைத்துவிட்டு, ஓரத்தில் பூரானை இறக்குங்கள், இல்லையென்றால் நசுங்கிவிடும்.