‘சாப விமோசனம்’ பற்றிய கட்டுரைக்குப் புதிய தலைப்பு எப்படிப் பிடிப்பது?

வெற்றேடு:
அகலிகையை மையமாக வைத்துப் புதுமைப்பித்தன் எழுதிய ‘சாப விமோசனம்’ சிறுகதை பற்றி 1500 சொற்களில் கட்டுரை எழுத வேண்டும். ‘பெண்ணிய நோக்கில்’, ‘தொன்ம மறுவாசிப்பு’ இரண்டும் கூடாது என்பது நிபந்தனை. அவற்றைக் கழித்தால் இந்தக் கதையில் சொல்ல என்ன மிச்சமிருக்கிறது? எங்கே தேடுவது?

கல்தச்சன்:
மிச்சம்தான் அதிகம். ‘நோக்கில்’ என்று முடிகிற தலைப்பு எந்தக் கதைக்கும் பொருந்தும். அதுதான் அதன் கோளாறு.

கோட்பாட்டை மூடிவைத்துவிட்டுக் கதையை மூன்று தடவை படியுங்கள். முதல் தடவை பென்சில் வேண்டாம். இரண்டாம் தடவை இடறுகிற இடங்களில் மட்டும் கோடு போடுங்கள். பத்துப் பன்னிரண்டு தேறும். மூன்றாம் தடவை ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில் ‘இது இங்கே ஏன்?’ என்று கேளுங்கள்.

சீதை தான் தீக்குளித்ததை அகலிகையிடம் சொல்லும் இடத்தையே பாருங்கள். அகலிகை முதலில் ‘அவர் கேட்டாரா?’ என்கிறாள். பதில் வந்ததும் ‘அவன் கேட்டானா?’ என்று கத்துகிறாள். ஒரே ஒரு விகுதி மாற்றத்தில் ராமன் சரிந்துவிடுகிறான். அந்த இடத்தில்தான் ‘கண்ணகி வெறி’ என்கிறார் ஆசிரியர். ராமாயணத்துக்குள் சிலப்பதிகாரத்துக்காரிக்கு என்ன வேலை? கண்ணகி வழக்காடியது தன் கணவனுக்காக. அகலிகை பொங்குவது இன்னொருத்தியின் கணவன் மேல். உவமை முழுசாக ஒட்டவில்லை. ஒட்டாத அந்த இடத்தில் கட்டுரை இருக்கிறது.

தலைப்பு தேறுமா என்று பார்க்க, அதை ஒரே வாக்கியமாக எழுதுங்கள். கதை தெரிந்த ஒருவர் ‘இல்லை’ என்று மறுக்க அதில் இடமிருக்க வேண்டும். ‘அகலிகை துன்புறுகிறாள்’ என்றால் யார் மறுப்பார்கள்? ‘அவள் மறுபடி கல்லாவது அவளே எடுத்த முடிவு’ என்றால் உடனே மறுப்பு வரும்: கோதமன் தழுவும்போது இந்திரன் நினைவு வந்துதானே நெஞ்சு இறுகுகிறது, அது முடிவா, பழைய பயமா என்று.

பாடபேதம்:
கல்தச்சன் சொன்னதோடு இன்னொரு வழி. 1934இல் இதே ஆசிரியர் ‘அகல்யை’ என்று ஒரு கதை எழுதியிருக்கிறார். ‘சாப விமோசனம்’ 1943. ஒரே பெண், ஒரே ஆசிரியர், ஒன்பது ஆண்டு இடைவெளி. ஆனால் ஒப்பீட்டுக் கட்டுரை பெரும்பாலும் இரண்டு கதைச்சுருக்கமாக முடிந்துவிடும். கோதமனை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றதை எல்லாம் விட்டுவிடுங்கள்.

‘ராமாயணத்தில் இப்படி, கதையில் அப்படி’ என்று பொதுவாக எழுதாதீர்கள். எந்த ராமாயணம்? வால்மீகியில் அகலிகை கல்லாவதில்லை. யார் கண்ணுக்கும் படாமல் சாம்பலில் கிடக்கிறாள். கம்பனில்தான் கல். இந்தக் கதை கல்லில் தொடங்கிக் கல்லில் முடிவதால் இந்த வேறுபாடு முக்கியம்.

இணையத்தில் கிடைக்கும் பிரதியை மட்டும் நம்பி விகுதியைப் பற்றி வாதாட வேண்டாம். ஓர் எழுத்துப் பிழை போதும், வாதம் கவிழ்ந்துவிடும். ஆ. இரா. வேங்கடாசலபதி பதிப்பித்த காலச்சுவடு செம்பதிப்போடு (மூலங்களோடு ஒப்பிட்டுச் சரிபார்த்த பதிப்பு, 2000) மேற்கோள்களை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

வெற்றேடு:
‘கண்ணகி வெறி’யையே எடுத்துக்கொள்கிறேன். இரண்டு சொல்லை வைத்து 1500 சொல் ஓட்ட முடியுமா?

கல்தச்சன்:
தாராளமாக. கதைச்சுருக்கம் 100 சொல், அதற்கு மேல் ஒன்றுகூட வேண்டாம். அந்த உரையாடலை வரிவரியாகப் பார்க்க 500. கண்ணகியோடு ஒட்டுவது, ஒட்டாதது 500. மிச்சம் 400இல் எதிர்வாதத்தைச் சந்தியுங்கள்: ‘ஆவேசத்தைக் குறிக்கத் தமிழில் கைக்குக் கிடைக்கிற பெயர் கண்ணகிதான், அதில் வேறு உள்ளர்த்தம் இல்லை’ என்பார்கள். வலுவான வாதம். இதை ஒதுக்கிவிட்டுப் போனால் கட்டுரை நொண்டும்.

இதில் பலர் சறுக்குவது நடுப்பகுதியில். சிலப்பதிகாரத்துக்குள் நுழைந்தால் புகாரில் தொடங்கி வஞ்சிவரை போய்விடுவார்கள். கண்ணகி பாண்டியனிடம் நீதி கேட்கும் வழக்குரை காதை போதும், அங்கிருந்து திரும்பிவிடுங்கள்.

பாடபேதம்:
கட்டுரைக்குப் பெயரைக் கடைசியில் வையுங்கள். இப்போதே வைத்தால் கட்டுரை அதற்கு அடிபணியும். கண்ணகியில் ஓடவில்லை என்றால், சரயு பக்கம் அகலிகையும் கைகேயியும் பேசிக்கொள்ளும் பகுதி இருக்கிறது. அவசரத்தில் பலர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.