படித்தால் புரியும் ஆங்கில உரையாடல் கேட்டால் நழுவுகிறது: எங்கே கோளாறு?

கல்லிடைக்குறிச்சி (கேள்வி)

வணக்கம். ஆங்கிலத்தில் அன்றாட உரையாடல்களைக் கேட்டுப் பழகுகிறேன். கடையில் பேசுவது, டாக்டரிடம் நேரம் வாங்குவது, போனில் முகவரி சொல்வது மாதிரியானவை. மூன்று மாதமாகத் தினமும் முக்கால் மணி நேரம், கல்லிடையிலிருந்து திருநெல்வேலி ஜங்ஷன் வரும் ரயிலில், இயர்போன் மாட்டி.

பிரச்சினை இதுதான். உரையாடலின் எழுத்து வடிவத்தைப் படித்தால் ஒரு சொல்கூடப் புதிதாக இல்லை. கேட்கும்போது முதல் வாக்கியம் பிடிபடுகிறது. இரண்டாவதில் ஏதோ ஒன்று நழுவுகிறது, அது என்ன என்று யோசிப்பதற்குள் அடுத்த இரண்டும் போய்விடுகின்றன. வேகத்தை 0.5க்குக் குறைத்தாலும் தெளிவில்லை, குரல் ஜவ்வாக இழுபடுகிறது. சப்டைட்டில் போட்டால் எல்லாம் புரியும், எடுத்தால் பழையபடி.

செவிலியர்களுக்கான ஓ.இ.டி. ஆங்கிலத் தேர்வு எழுத வேண்டும். நிறைய உரையாடல்களை மாற்றி மாற்றிக் கேட்பதா, ஒன்றையே திரும்பத் திரும்பக் கேட்பதா?

பாளை டீச்சர்

தங்கச்சி, நேரத்தைக் கூட்டவும் வேண்டாம், ஒலிப்பதிவை மாற்றவும் வேண்டாம். முதலில் எது நழுவுகிறது என்று கண்ணால் பாருங்கள். அதற்கு ஒரு சோதனை.

எழுத்து வடிவம் கிடைக்கிற ஓர் உரையாடலில் சரியாக ஒரு நிமிடம் வெட்டி எடுங்கள். நிறுத்தி நிறுத்தி, நான்கு தடவைக்கு மேல் போகாமல், காதில் விழுந்ததை எழுதுங்கள். புரியாத இடத்தில் காதுக்கு எப்படிக் கேட்டதோ அப்படியே எழுதுங்கள், ஊகித்து நிரப்ப வேண்டாம். பிறகு மூலத்தோடு ஒப்பிட்டு, தப்பிய சொற்களை மூன்றாகப் பிரியுங்கள்: ஒன்று, அர்த்தமே தெரியாத சொல்; இரண்டு, தெரிந்த சொல், ஆனால் காதில் விழவே இல்லை; மூன்று, தெரிந்த சொல், வேறு சொல்லாக விழுந்தது. மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு.

ஒரு எச்சரிக்கை. பிபிசியின் ஆறு நிமிட ஆங்கிலம் நல்ல நிகழ்ச்சி, ஆனால் அதன் எழுத்துப் பிரதி சொல்லுக்குச் சொல் அப்படியே இருக்காது. அதை அவர்களே பிரதியில் குறிப்பிட்டிருப்பார்கள். அதை வைத்துத் திருத்தினால் சரியாகக் கேட்டதையும் தப்பென்று அடித்துவிடுவீர்கள். இந்தச் சோதனைக்கு, எழுதி வைத்து நடிகர்கள் பேசும் உரையாடல்தான் பொருத்தம். பிரிட்டிஷ் கவுன்சிலின் லேர்ன்இங்கிலீஷ் தளத்தில் ஏ1 (தொடக்க நிலை) முதல் சி1 (உயர்நிலை) வரை நிலைவாரியாக இருக்கின்றன. இடைநிலையான பி1 எடுத்துக்கொள்ளுங்கள்.

கல்லிடைக்குறிச்சி

செய்து பார்த்தேன் டீச்சர். ஒரு நிமிடத்தில் 148 சொற்கள், 31 தப்பு. அர்த்தம் தெரியாதவை இரண்டே. காதில் விழாதவை 21. வேறாக விழுந்தவை 8. சில மாதிரிகள், படிக்க வசதியாகத் தமிழில்:

“வாட் டைம் டு யு வான்ட் மீ டு கம்” என்பது “வாட் டைம்ஜு வான் மீட கம்” என்று கேட்டது.
“ஐ குட் ஹேவ் டோல்ட் ஹிம்” என்பது “ஐ குட டோல்டிம்”. இதில் ஹேவ் எங்கே போனது என்றே தெரியவில்லை.
“அன் அவர் அண்ட் எ ஹாஃப்” என்பது “அனவரன ஹாஃப்”. ஏதோ ஊர்ப்பெயர் என்று நினைத்தேன்.
ஃபிஃப்டீன் என்பதை ஃபிஃப்டி என்று எழுதிவிட்டேன். கேன், கான்ட் இரண்டும் ஒன்று போலவே இருக்கின்றன.

பாளை டீச்சர்

காதில் விழாத அந்த 21 சொல்லையும் பாருங்கள். பெரும்பாலும் டு, ஆஃப், அண்ட், ஹேவ், ஹிம், கேன் வகைதான். உங்கள் காதில் கோளாறு இல்லை, நீங்கள் எழுதியது ஒலித்ததற்கு மிகவும் பக்கத்தில் இருக்கிறது. “குட டோல்டிம்” என்றுதான் அவர்கள் உண்மையாகவே பேசுகிறார்கள்!

தமிழில் ஒவ்வோர் அசைக்கும் ஏறக்குறைய அதன் நேரத்தைக் கொடுத்துவிடுகிறோம். ஆங்கிலத்தில் பொருள் சுமக்கும் சொல்லுக்கு அழுத்தம், இடையில் வரும் குட்டிச் சொற்களுக்கு அரைகுறை நேரம். அவற்றின் உயிரொலி தேய்ந்துவிடும். “காசு”, “பந்து” என்று சொல்லும்போது கடைசி உகரம் முழு மாத்திரை பெறாமல் குறுகுகிறதே, குற்றியலுகரம், அந்த மாதிரிக் குறுகல். ஆனால் வாய் அகரத்துக்குப் பக்கத்தில் இருக்கும். டு என்பது “ட”, ஆஃப் என்பது “அவ்” அல்லது வெறும் “அ”, அண்ட் என்பது “அன்”, ஹேவ் என்பது “அவ்”, சில வாயில் “அ”.

அடுத்தது சேர்க்கை. “உடல்மேல் உயிர்வந்து ஒன்றுவது இயல்பே” என்று நன்னூலில் படித்திருப்பீர்கள். கண் அழகு, கண்ணழகு. அதே வேலைதான் “அனவர”. மெய்யில் முடியும் சொல்லுக்குப் பின் உயிரில் தொடங்கும் சொல் வந்தால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். “டிட் யு” என்றால் “டிஜு”, “வுட் யு” என்றால் “வுஜு”, “டோன்ட் யு” என்றால் “டோன்ச்சு”. “நெக்ஸ்ட் டே” என்பதில் ஒரு டகரம் விழுந்து “நெக்ஸ்டே”. “டெல் ஹிம்” என்பதில் ஹகரம் விழுந்து “டெல்லிம்”.

புத்தகத்தில் “எங்கே போகிறீர்கள்” என்று தமிழ் கற்ற ஒரு வெளிநாட்டுக்காரரை ஜங்ஷனில் கொண்டுவந்து நிறுத்தினால், “எங்க போறிய?” என்று நாம் கேட்டதும் முழிப்பார். “வந்துக்கிட்டிருக்காவ” என்றால் இன்னும் மோசம். நம் வேகத்தை அவர் குறை சொல்வார். வேகம் காரணமில்லை, அவர் காத்துக்கொண்டிருந்த உருவம் வரவில்லை, அவ்வளவுதான். நீங்கள் 0.5 வைத்தும் பலன் இல்லாதது அதனால்தான். பேசியவர் விழுங்கிய ஒலி, மெதுவாக ஓட்டினால் திரும்பி வராது. மிச்சமிருக்கிற ஒலியையும் மென்பொருள் இழுத்துச் சிதைத்துவிடும். 0.75க்குக் கீழே போகாதீர்கள். அதுவும் ஒரு தடவை மட்டும், முடிக்கும்போது எப்போதும் இயல்பு வேகம்.

இனிச் செய்ய வேண்டியது. ஒரு நாளைக்கு 15 நொடித் துண்டு ஒன்று போதும், 25 நிமிடம் ஆகும். எழுத்தைப் பார்க்காமல் இரண்டு தடவை கேளுங்கள். எழுதுங்கள், ஒப்பிடுங்கள். பிறகு மூலப் பிரதியில் பென்சிலால், ஒட்டிக்கொள்ளும் சொற்களுக்கு அடியில் வளைகோடு போடுங்கள், விழுந்துபோன எழுத்தை அடியுங்கள், அழுத்தம் பெறும் சொல்லின் மேல் புள்ளி வையுங்கள். அதைப் பார்த்தபடி மூன்று தடவை கேளுங்கள். அடுத்து, பேசுபவரோடு சேர்ந்தே வாய்விட்டுச் சொல்லுங்கள். முதல் ஐந்தாறு தடவை நாக்கு பின்தங்கும். “குடவ்” என்று ஒரே மூச்சில் உங்கள் வாய் சொல்ல ஆரம்பித்தால்தான் காது அதை ஒரு சொல்லாகப் பிடிக்கும். இந்தப் படியைத் தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். கடைசியில் பிரதியை மூடிவிட்டுக் கேளுங்கள், மறுநாள் காலையில் புதுத் துண்டுக்கு முன் இதை ஒரு தடவை.

இலக்கணமும் காதுக்குக் கை கொடுக்கும். குட் என்பதற்குப் பின் டோல்ட் ஹிம் வந்துவிட்டால், நடுவில் ஹேவ் இருந்தே ஆக வேண்டும். கேட்டதா என்று தேட வேண்டாம், இருக்கிறது என்று வைத்துக்கொண்டு மேலே போங்கள்.

தென்காசி

டீச்சர் சொன்னதோடு கருவி பற்றி இரண்டு விஷயம்.

ரயிலில் புதிய துண்டைக் கேட்காதீர்கள். ச, ஃப, ட மாதிரி மெய்யொலிகளுக்கு இயல்பிலேயே சத்து குறைவு. சக்கர இரைச்சலிலும் ஜன்னல் காற்றிலும் முதலில் மூழ்குவது அவைதான், உயிரொலி மட்டும் மிஞ்சும். வால்யூமைக் கூட்டினால் காதுக்குத்தான் கேடு. வீட்டில் ஏற்கெனவே பிரித்து மேய்ந்த துண்டுகளை ரயிலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். தெரிந்ததை இரைச்சலில் கேட்பது நல்ல பயிற்சி, தெரியாததைக் கேட்பது வீண். வீட்டிலும் மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கேளுங்கள்.

துண்டைத் திரும்பத் திரும்ப ஓட்ட, கம்ப்யூட்டரில் வி.எல்.சி. பிளேயர் போதும். வியூ மெனுவில் அட்வான்ஸ்டு கன்ட்ரோல்ஸ் என்பதை டிக் செய்தால் ஏ-பி என்றொரு பட்டன் வரும். துண்டின் தொடக்கத்தில் ஒரு அழுத்து, முடிவில் ஒரு அழுத்து, அதற்குள்ளேயே சுற்றும். மூன்றாவது அழுத்தில் ரத்து. துண்டை வெட்டிச் சேமிக்க ஆடாசிட்டி, அதுவும் இலவசம். அதில் வேகம் குறைக்கும்போது டெம்போ மாற்றத்தைப் பயன்படுத்துங்கள். ஸ்பீடு மாற்றினால் சுருதியும் இறங்கி ஆள் குரலே மாறிவிடும்.

போன் உரையாடல் தனியாகக் கடினமாகத் தோன்றினால் அதற்கும் காரணம் உண்டு. ஹெச்.டி. வாய்ஸ் இல்லாத அழைப்பு சுமார் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும். எஸ் ஒலியின் பெரும்பகுதி அதற்கு மேலே இருக்கிறது. அதனால் எஸ், எஃப் இரண்டும் போனில் குழம்பும், ஆங்கிலேயருக்கே குழம்பும். பெயரை எழுத்துக்கூட்டும்போது அவர்கள் ஆல்ஃபா, பிராவோ, சார்லி என்று சொல்வது இதற்காகத்தான். அந்த 26 சொல்லையும் மனப்பாடம் செய்துவிடுங்கள், ஒரு வாரம்கூட ஆகாது.

வள்ளியூர்

கேன், கான்ட், ஃபிஃப்டீன் பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன்.

கேன், கான்ட் வேறுபாட்டை டகரத்தில் தேடாதீர்கள், அது பெரும்பாலும் தொண்டையிலேயே நின்றுவிடும். அழுத்தத்தில் தேடுங்கள். “முடியும்” என்றால் அந்தச் சொல் “கன்” என்று தேய்ந்து, பின்னால் வரும் வினைச்சொல் எடுப்பாக ஒலிக்கும்: “ஐ கன் டூ இட்”. “முடியாது” என்றால் அந்தச் சொல்லே எடுப்பாக நிற்கும். பிரிட்டிஷ் வாயில் நீண்ட “கான்ட்”, அமெரிக்க வாயில் “கேன்ட்”. பளிச்சென்று கேட்டால் பெரும்பாலும் எதிர்மறை. “யெஸ், ஐ கேன்” என்று வாக்கியம் அதிலேயே முடிந்தால் மட்டும் கேனும் முழுதாக ஒலிக்கும்.

டீன், டீ எண்களுக்கு, தனியாகச் சொன்னால் ஃபிஃப்டீனில் அழுத்தம் கடைசியில், ஃபிஃப்டியில் முதலில். ஆனால் “ஃபிஃப்டீன் மினிட்ஸ்” என்று பின்னால் பெயர்ச்சொல் வந்தால் அழுத்தம் முன்னுக்கு நகர்ந்துவிடும், அங்கேதான் ஏமாறுகிறோம். அப்போது நீண்ட ஈகாரத்தையும் னகர மெய்யையும் பிடித்துக்கொள்ளுங்கள். மருந்தளவு என்றால் காதை நம்பவே கூடாது. “ஒன் ஃபைவ், ஆர் ஃபைவ் ஜீரோ?” என்று திருப்பிக் கேட்பதுதான் முறை. இந்தக் கேள்வியையும் வாய்க்குப் பழக்குங்கள்.

நேரத்தில் ஒரு கண்ணி: பிரிட்டனில் “ஹாஃப் சிக்ஸ்” என்றால் ஆறரை மணி, ஐந்தரை இல்லை. போன் எண்ணில் பூஜ்யத்தை “ஓ” என்பார்கள், இரண்டு ஐந்து சேர்ந்து வந்தால் “டபுள் ஃபைவ்”.

இன்னொன்று, பயிற்சி நோட்டில் ஆங்கிலத்தைத் தமிழ் எழுத்தில் எழுதாதீர்கள். இங்கே வசதிக்காக எழுதுகிறோம், சரி. “பேக்” என்று எழுதினால் முதுகா, பையா, மூட்டை கட்டுவதா? நமக்கு மூன்றும் ஒரே பகரம், ஒரே ககரம். இடையன்குடியில் இருந்த கால்டுவெல், வல்லினம் இடத்துக்கேற்ப ஒலி மாறும் நம் வழக்கத்தை 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்திலேயே விளக்கியிருக்கிறார். முதுகுக்கும் பைக்கும் வேறுபாடு கடைசி மெய்யில் மட்டும் இல்லை, பையில் நடு உயிர் சற்று நீளும். அந்த நீளத்தைக் கேட்டால் கடைசி மெய் தானாகத் தெரிந்துவிடும்.

கல்லிடைக்குறிச்சி

அண்ணாச்சி, டீச்சர், எல்லாருக்கும் நன்றி. ஒன்று மட்டும் மிச்சம். ஒரு சொல் நழுவினால் அங்கேயே நின்றுவிடுகிறேனே, அதற்கு? தேர்வில் ஒரு தடவைதான் ஓடும் என்கிறார்கள்.

பாளை டீச்சர்

ஆமாம், ஒரே தடவைதான். ஓ.இ.டி. கேட்டல் பகுதியில் மொத்தம் 42 கேள்வி. முதல் பகுதியில் நோயாளியோடு நடக்கும் இரண்டு உரையாடல், ஒவ்வொன்றும் ஐந்து நிமிடம் அளவு, குறிப்பில் நிரப்ப இரண்டிலும் சேர்த்து 24 கோடிட்ட இடங்கள். நின்று யோசிப்பவர்களுக்கு மதிப்பெண் போவது அங்கேதான், ஒன்று தவறினால் பின்னால் மூன்று தவறும்.

நிற்காமல் இருக்கத் தனிப் பயிற்சி வேண்டும். வாரத்தில் இரண்டு நாள், 15 நொடித் துண்டை விட்டுவிட்டு, இரண்டு நிமிட உரையாடலை நிறுத்தாமல் ஓட்டுங்கள். கையில் பென்சில். எடுப்பாக ஒலிக்கும் சொற்களை மட்டும், ஒவ்வொன்றிலும் முதல் மூன்று நான்கு எழுத்து, ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக்கொண்டே போங்கள். நழுவினால் ஒரு சிறு கோடு போட்டுவிட்டு அடுத்த வரிக்கு இறங்கிவிடுங்கள். கை இறங்கினால் மனசும் இறங்கும். முடிந்த பிறகு அந்தச் சொற்களை வைத்து உரையாடலைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். கோடு போட்ட இடங்களில் பாதியாவது அப்போது தானாக நிரம்பும்.

தேர்வுத் தாளில் உரையாடல் தொடங்குமுன் குறிப்பின் தலைப்புகளைப் படிக்க நேரம் தருவார்கள். கோடிட்ட இடத்துக்கு முன்னும் பின்னும் இருக்கும் சொல்லை அடிக்கோடிடுங்கள். வலி எப்போது தொடங்கியது, என்ன மாத்திரை, எத்தனை நாள் என்று குறிப்பில் இருக்கும் வரிசை உரையாடலிலும் மாறாது. நோயாளி அடுத்த தலைப்புக்குப் போய்விட்டால் நீங்களும் போய்விட வேண்டும்.

சப்டைட்டிலை அடியோடு விட வேண்டாம். முதலில் இல்லாமல், பிறகு ஆங்கிலச் சப்டைட்டிலோடு, கடைசியில் மறுபடி இல்லாமல். இந்த வரிசை மாறினால் கண் படிப்பதைக் காது கேட்டதாக எண்ணிக்கொள்ளும்.

தென்காசி

துண்டுகளுக்குத் தேதி போட்டுப் பெயர் வையுங்கள். இரண்டு வாரம் கழித்து இன்றைய துண்டையே மறுபடி எழுதிப் பாருங்கள். 148க்கு 31 என்று முதல் பக்கத்தில் குறித்துவைத்தால் ஒப்பிடச் சுலபம்.