வாலில்லா விமானங்கள் வந்துவிட்ட பின் ஆம்கா எதற்கு?

முகிலன்:
2024 டிசம்பர் 26 அன்று சீனாவின் செங்டு நகரத்தின் மேல் பறந்த மூன்று இன்ஜின் விமானத்தின் படங்களைப் பார்த்த நாளிலிருந்து இந்தக் கேள்வி என்னை உறுத்துகிறது. அதற்குச் செங்குத்து வாலே இல்லை. அடுத்த மூன்று மாதங்களில் அமெரிக்கா எஃப்-47 என்ற ஆறாம் தலைமுறைப் போர் விமானத்தை உருவாக்கும் பணியைப் போயிங்கிடம் ஒப்படைத்தது. நாமோ, ஐந்து முன்மாதிரிகளுக்காகச் சுமார் 15,000 கோடி ரூபாயை 2024 மார்ச்சில் ஒதுக்கி, சாய்ந்த இரட்டை வால் கொண்ட, ரேடாருக்கு எளிதில் சிக்காத ஐந்தாம் தலைமுறை உள்நாட்டுப் போர் விமானமான ஆம்காவை 2035 வாக்கில்தான் படையில் சேர்க்கப்போகிறோம். பிறக்கும்போதே பழையதாகிவிடும் விமானத்தை விட்டுவிட்டு, வாலில்லாத ஆறாம் தலைமுறைக்கு நேரே தாவுவதுதான் சரி என்கிறேன்.

கதிரலை:
வால் ஏன் மறைகிறது என்பதைப் பார்த்துவிட்டுத் தாவுவதைப் பற்றிப் பேசலாம். போர் விமானங்களின் மூக்கில் உள்ள ரேடாரின் அலைநீளம் ஏறத்தாழ 3 செ.மீ.; அந்த அலையை வேறு திசைக்குத் திருப்பிவிடச் சாய்ந்த வாலும் பூச்சும் போதும். தரையிலிருந்து கண்காணிக்கும் விஎச்எஃப் ரேடார்களின் அலைநீளமோ மீட்டர் கணக்கில் இருப்பதால், ஏறத்தாழ அதே அளவுள்ள வால் அந்த அலையோடு ஒத்ததிர்ந்து, எப்படிச் சாய்த்தாலும் எதிரொலியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. வாலை நீக்குவதன் ஆதாயம் பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

அதற்கான விலையும் சிறிதல்ல. வாலில்லாத பி-2 குண்டுவீச்சு விமானம், இறக்கை நுனிகளில் மேலும் கீழுமாக விரியும் மடல்களால்தான் மூக்கைத் திருப்பிக்கொள்கிறது. அவை விரியும் கணத்தில் காற்றுத் தடையும் கூடும், ரேடாரில் தெரியும் உருவமும் கூடும். நெடுந்தொலைவு நேராகப் பறக்கும் குண்டுவீச்சு விமானத்துக்கு இது பொருந்தலாம், ஆனால் வளைந்து திரும்பிச் சண்டையிட வேண்டிய விமானத்தில் இதைச் சாதிப்பது வேறு கணக்கு.

இன்னொன்று: ரேடார் கண்டறியும் தூரம், எதிரொலிப் பரப்பின் (விமானம் ரேடாருக்கு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்ற அளவின்) நான்காம் மூலத்தைப் பொறுத்தது. பரப்பைப் பத்தாயிரத்தில் ஒரு பங்காக்கினால்தான், 300 கி.மீ. தொலைவில் கண்டுகொண்ட ரேடார் 30 கி.மீ. வரை குருடாகும். ஆயுதங்களை வயிற்றுக்குள் வைப்பதும், இன்ஜின் முகப்பை வளைந்த காற்றுக் குழாயால் மறைப்பதும் இந்தக் கணக்கின் பெரும்பகுதியை முடித்துவிடுகின்றன. ஆம்காவில் இரண்டும் உள்ளன.

முகிலன்:
1999 மார்ச் 27 அன்று செர்பியாவில் ரேடாருக்குச் சிக்காததாகக் கருதப்பட்ட அமெரிக்காவின் எஃப்-117 விமானம் வீழ்ந்ததை மறந்துவிட்டீர்களா? அதை வீழ்த்தியவை 1960களின் எஸ்-125 ஏவுகணையும், மீட்டர் அலைநீளத்தில் இயங்கிய பி-18 ரேடாரும். நீங்கள் ஒதுக்கும் அதே அலைநீளம்தான்!

கதிரலை:
விமானம் அருகில் இருப்பதை மட்டும்தான் அந்தப் பி-18 ரேடார் காட்டியது. ஏவுகணையை வழிநடத்தியது சென்டிமீட்டர் அலைநீளத்தில் இயங்கும் வேறொரு ரேடார். அதுவும் விமானம் பதினைந்து கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவுக்கு வந்த பிறகே சாத்தியமாயிற்று. ஒரே வழித்தடத்தில் மீண்டும் மீண்டும் பறந்ததையும் சேர்த்துப் பாருங்கள். இருப்பினும், பல விஎச்எஃப் ரேடார்களை இணைத்து வலை பின்னும் சீனாவுக்கு எதிரில் வாலுள்ள விமானத்துக்குக் கூடுதல் ஆபத்து உண்டு என்பதை மறுக்க மாட்டேன்.

சூலூர்வாசி:
இருவரும் வாலைப் பிடித்துக்கொண்டு இன்ஜினை விட்டுவிட்டீர்கள். 2020இல் எங்கள் ஊர் விமான தளத்தில் 18ஆம் படைப்பிரிவு உள்நாட்டுப் போர் விமானமான தேஜஸுடன் மீண்டும் தொடங்கப்பட்டபோது பெருமைப்பட்டவன் நான். ஆனால் 1983இல் ஒப்புதல் பெற்ற அந்த விமானம் 2001இல்தான் முதலில் பறந்தது. 2016இல்தான் முதல் படைப்பிரிவு அமைந்தது. அதற்காக 1989இல் தொடங்கிய காவேரி இன்ஜின் 2008இல் திட்டத்திலிருந்தே பிரிக்கப்பட்டது. 2021இல் தேஜஸின் மேம்பட்ட வடிவமான மார்க்-1ஏ விமானங்கள் 83க்கு ஒப்பந்தம் போட்டும், அவற்றுக்காக அமெரிக்காவின் ஜி.இ. நிறுவனம் தரும் முதல் இன்ஜின் 2025 மார்ச்சில்தான் கைக்கு வந்தது. ஆறாம் தலைமுறை விமானம் என்பது பெரிய ரேடாருக்கும் மின்னணுக் கருவிகளுக்கும் ஏராளமான மின்சாரத்தையும், அவை கக்கும் வெப்பத்தைத் தணிக்கும் வழியையும் இன்ஜினிடமே கேட்கிற விமானம். இன்ஜினுக்குள் சுழலும் டர்பைன் பிளேடுகளுக்கே தடுமாறும் நாம் எதை நம்பித் தாவுவது?

முகிலன்:
ஆம்காவின் முதல் வடிவமும் அதே அமெரிக்க நிறுவனத்தின் எஃப்-414 இன்ஜினோடுதானே பறக்கும்? அப்படியானால் உங்கள் வாதம் ஆம்காவுக்கும் எதிரானது.

சூலூர்வாசி:
ஓரளவுக்கு ஆம். அதனால்தான், பிரான்ஸின் சாஃப்ரான் நிறுவனத்துடன் சேர்ந்து இங்கேயே இன்ஜின் செய்யப்போவதாகப் பாதுகாப்பு அமைச்சர் 2025 ஆகஸ்டில் அறிவித்ததை, விமானத்தின் வடிவத்தைவிட முக்கியமானதாகக் கருதுகிறேன். 2025இல் மிக்-21 ஓய்வுபெற்ற பிறகு, நம் விமானப் படையில் 42 இருக்க வேண்டிய இடத்தில் 29 படைப்பிரிவுகளே எஞ்சியுள்ளன. தாவுவதற்கான பத்தாண்டுகள் நம்மிடம் இல்லை.

முகிலன்:
எண்ணிக்கைக் குறைவை ஏற்கிறேன்; அதற்குத் தேஜஸும் ரஃபேலும் போதும். அந்த 15,000 கோடியில் ஒரு பகுதியையாவது வாலில்லாத ஆளற்ற சோதனை விமானத்துக்கு ஒதுக்குவதில் உங்கள் இருவருக்கும் என்ன தடை?

கதிரலை:
ஒதுக்கலாம். ஆனால் ஐந்து முன்மாதிரிகளில் ஒன்றைக்கூடக் குறைக்காமல், தனி நிதியாக.