நெடுவில் அம்பு எஃகுக் கவசத்தைத் துளைத்ததா?

கயல்விழி:
வணக்கம். 1415-ஆம் ஆண்டு அஜின்கூர்ப் போரைப் பற்றிப் படித்து வருகிறேன். ஆங்கிலேயரின் அம்புகள் பிரெஞ்சு வீரர்களின் கவசத்தைத் துளைத்ததால்தான் இங்கிலாந்து மன்னர் ஐந்தாம் ஹென்றி வென்றார் என்று சிலர் எழுதுகிறார்கள். எஃகுத் தகட்டில் பட்ட அம்பு தெறித்துவிடும் என்று வேறு சிலர் எழுதுகிறார்கள். பின்னது உண்மையெனில், நல்ல கவசம் பூண்ட ஒரு பெரும்படை ஏன் தோற்றது?

மாறன்:
மார்புத் தகட்டை மட்டும் கருதினால், பின்னதே உண்மை. இதனால் வில்லைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. 1545-இல் மூழ்கிய மேரி ரோஸ் என்னும் ஆங்கிலேயப் போர்க்கப்பலிலிருந்து மீட்கப்பட்ட யூ மர விற்களை ஆராய்ந்தவர்கள், அவற்றை முழுமையாக இழுக்க 100 முதல் 180 பவுண்டு வரை விசை தேவைப்பட்டிருக்கும் என்று கணித்தார்கள். சிறுவயது முதல் பழகியவர்களால் மட்டுமே அது முடியும். ஆனால் 2019-இல் வெளியான ஒரு சோதனையில், 160 பவுண்டு வில்லிலிருந்து அண்மைத் தொலைவில் எய்த, ஏறத்தாழ 80 கிராம் எடையுள்ள அம்புகள், அக்கால முறைப்படி செய்த மார்புத் தகட்டில் மோதி நொறுங்கினவே தவிர, அதைத் துளைக்கவில்லை. மார்புத் தகடு நடுவில் தடிப்பாகவும் வளைவாகவும் இருப்பதால் அம்பு வழுக்கி விலகிவிடுகிறது. வளையங்களைக் கோத்த சங்கிலிக் கவசத்தின் நிலை வேறு: கூரிய முனை ஒரு வளையத்துக்குள் நுழைந்து அதைப் பிளந்துவிடும். தகட்டுக் கவசம் அணிந்தவருக்கும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் சங்கிலிப் பின்னலே காப்பாக இருந்தது. தலைக்கவசத்தின் முகமூடியைத் தூக்கியவருக்கு அதுவும் இல்லை. 1403-இல் ஷ்ரூஸ்பரிப் போரில் இளவரசராக இருந்த இதே ஹென்றியின் முகத்தில் அம்பு ஆழமாகத் தைத்ததையும், ஜான் பிராட்மோர் என்னும் மருத்துவர் அதற்கெனவே ஒரு கருவி செய்து அம்பு முனையை வெளியே எடுத்ததையும் நினைவில் கொள்ளுங்கள்.

செந்தில்வேல்:
மாறன் அவர்கள் கூறியதுடன் குதிரைகளையும் சேர்க்க வேண்டும். என் பார்வையில் விடையின் பெரும்பகுதி அங்கேதான் உள்ளது. 1356-இல் புவாத்தியே போரில், பிரெஞ்சுக் குதிரைகளின் முன்புறக் கவசத்தில் அம்புகள் பயனின்றித் தெறித்ததால், ஆக்ஸ்ஃபர்டு பிரபு ஆங்கிலேய வில்லாளிகளைப் பக்கவாட்டுக்கு நகர்த்தி, காப்பற்ற பின்புறத்தில் எய்யச் செய்தார் என்று அக்கால வரலாற்றுப் பதிவாளர் ஜெஃப்ரி லெ பேக்கர் எழுதியிருக்கிறார். அதற்கு மாறாக, 1424-இல் வெர்னேயில், குதிரைகளுக்கும் நன்கு கவசம் பூட்டி வந்த பிரெஞ்சுத் தரப்பின் லொம்பார்டி (வட இத்தாலி) குதிரைப்படை, ஆங்கிலேய வில்லாளிகளின் அணியைப் பிளந்துகொண்டே சென்றது.

கயல்விழி:
அப்படியானால் அஜின்கூரில் நடந்து வந்த வீரர்களை அம்புகள் என்ன செய்தன?

மாறன்:
பலரை நேரடியாகக் கொல்லவில்லை என்றே கருதுகிறேன். முதலில் பாய்ந்த குதிரைகள் அம்பு தைத்து வெருண்டு திரும்பி, பின்னால் வந்த தம் படையையே மிதித்தன. அம்பு மழைக்கு அஞ்சி முகமூடியை மூடித் தலையைத் தாழ்த்தியவர்கள், முந்தைய இரவு மழையில் சேறாகியிருந்த உழுத வயலில், பார்வை மங்கி, மூச்சு முட்ட நடந்தார்கள். இருபுறமும் காடுகள் நெருக்க, பின்வரிசையினர் தள்ள, ஆயுதத்தை ஓங்கவும் இடமின்றித் திணறினார்கள். அம்புகள் தீர்ந்த பின் வில்லாளிகள் வில்லைக் கீழே போட்டு, சம்மட்டியும் கோடரியும் வாளும் ஏந்தி அவர்கள்மீது பாய்ந்தார்கள். கனமற்ற உடையில் இருந்த அவர்களுக்குச் சேற்றில் நகர்வது எளிதாக இருந்தது.