கலம்காரித் துணியில் பால் எதற்கு?

கரிக்கோல்: துணியில் இயற்கைச் சாயத்தால் சித்திரம் தீட்டும் கலம்காரிக் கலைக்குரிய காடாத் துணியைப் பாலில் நனைப்பது அபிஷேகத்தின் தொடர்ச்சி என்றும், அதில் எழுதும் ராமாயணத்துக்குத் தெய்வத்தன்மை அதனாலேயே வருகிறது என்றும் ‘தொம்பை’ நேற்று எழுதியதைப் படித்து வாயடைத்துப் போனேன். கடுக்காய்க் கரைசலில் எருமைப் பால் சேர்ப்பது அதிலுள்ள கொழுப்புக்காகத்தான். அந்தக் கொழுப்பு இல்லையென்றால், இரும்பையும் வெல்லத்தையும் ஊறவைத்து எடுக்கும் கறுப்புச் சாயம் மூங்கில் எழுதுகோலை விட்டு இறங்கியதும் இழைவழியே பரவி, சீதையின் கண்ணை அனுமனின் வால்வரை இழுத்துவிடும்.

தொம்பை: கொழுப்பைப் பற்றித் தாங்கள் பேசுவது மிகவும் பொருத்தம். தேரில் தொங்கவிடும் துணிக்குப் பால் வெறும் பூச்சுத்தான் என்பவர், தேரை வெறும் மரம் என்றும் சொல்வார்.

கரிக்கோல்: அபிஷேகத்துக்கு உகந்தது பசும்பால், துணிக்கு எருமைப் பால் ஏன் என்பதற்கு முதலில் விடை சொல்லுங்கள். 1742-இல் இயேசு சபைத் துறவி கேர்தூ சோழமண்டலக் கரைச் சாயத்தொழிலை விவரித்த கடிதத்திலும் கடுக்காயும் எருமைப் பாலும் வருகின்றன. இந்தத் தொழிலில் உருவான பூத்துணிதான் ஐரோப்பாவுக்குக் கப்பலேறியது. அந்நாட்டுச் சீமாட்டிகளின் கட்டில் திரைகளும் அபிஷேகம் கண்டவையா? படிகாரம் தீட்டிய இடத்தில்தான் வேர்ச்சாயத்தின் சிவப்பு பிடிக்கிறது. அதையும் குங்குமப் பிரசாதம் என்பீர்களோ?

கடுக்காய்: இருவரும் எழுதுகோல் கலம்காரிக்குப் பேர்போன ஆந்திரத்து ஸ்ரீகாளஹஸ்தியை மட்டுமே மனத்தில் வைத்து வாதாடுகிறீர்கள். தமிழ்நாட்டின் கருப்பூர்க் கலம்காரி 2021-இல் புவிசார் குறியீடு பெற்றது என்பதை இங்கு ஒருவராவது குறிப்பிட்டீர்களா?

தொம்பை: கருப்பூரைக் குறுக்கே இழுக்காதீர்கள். சென்ற மாதம் தஞ்சாவூர் ஓவியம் பற்றிய உரையாடலையும் இப்படித்தான் குலைத்தீர்கள்.

கடுக்காய்: தங்கத் தகட்டைப் பற்றித் தாங்கள் எழுதிய பிழையைச் சுட்டினேன், அது இன்னும் உறுத்துகிறது போலும்.

கரிக்கோல்: உங்கள் பங்காளிச் சண்டையை வேறிடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பக்தி என்பது கட்டங்கட்டமாக விரியும் கதையிலும், கட்டத்தினடியில் ஓடும் எழுத்துவரியிலும் இருக்கிறது. ஊறும் தொட்டியில் இல்லை. மசூலிப்பட்டினத்தில் அச்சுக்கட்டையால் பூ பதிக்கும் துணியும் கடுக்காயும் பாலும் கண்டதுதான். அதை யாரும் கும்பிடுவதில்லை. எருமைப் பால் ஏன் என்ற கேள்வி அப்படியே கிடக்கிறது.

தொம்பை: நம்பிக்கை இல்லாதவருக்கு எருமை மட்டுமே தெரியும்.

கரிக்கோல்: இது விடையன்று, வசை. மீண்டும் கேட்கிறேன்: எருமைப் பால் ஏன்?